நடைபாதை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டுவது?

ஜூரோங்_வேலு:
சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து பயனியர் ரோடு பக்கம் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இடது விளிம்பை ஒட்டித்தான் ஓட்டுகிறேன், ஆனால் லாரிகள் உரசுவதுபோல் போகின்றன. இடதுபக்கம் ஸ்லிப் ரோடு (இடது திரும்பும் வண்டிகளுக்கான தனிப் பாதை) பிரியும் இடத்தில் நேராகப் போக எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மிதிவண்டி_மணி:
விளிம்பை விட்டு வாருங்கள், தம்பி. வடிகால் கம்பி மூடி, மணல், கண்ணாடித் துண்டு எல்லாம் அங்கேதான் சேரும். சக்கரம் வழுக்கினால் வலதுபக்கம், வண்டிகள் ஓடும் பக்கம் சாயக்கூடும். இயன்றவரை இடதுபுறம் என்பது விதிதான். அதற்காக மூடிமேல் ஏறிப் போகத் தேவையில்லை. டயர் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரின் வலது முனை 1 மீட்டரில் வரும். தாண்டும் வண்டி விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர். மொத்தம் 5 மீட்டர். லேனோ பெரும்பாலும் மூன்றரை மீட்டருக்குள்தான். ஆக, பஸ்ஸோ லாரியோ அடுத்த லேனுக்குள் போய்த்தான் தாண்ட முடியும். நீங்கள் ஒதுங்க ஒதுங்க, அதே லேனில் நுழைந்துவிடலாம் என்றுதான் ஓட்டுநருக்குத் தோன்றும். சாலை வேலைத் தடுப்பு வைத்துக் குறுகிய இடத்தில் லேனின் நடுவிலேயே போங்கள், அகலமானதும் இடதுக்குத் திரும்புங்கள். நிறுத்திய கார் இருந்தால் கதவு திறக்கும் அளவு, ஒரு மீட்டருக்கு மேல், விட்டுப் போங்கள். கார்களுக்கு இடையே உள்ளே புகுந்து வெளியே வந்தால் பின்னால் வருபவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவீர்கள்.

தெம்பனிஸ்_ரைடர்:
ஸ்லிப் ரோட்டுக்கு 30, 40 மீட்டர் முன்பே தோள்மேல் திரும்பிப் பாருங்கள், வலது கையை நீட்டுங்கள், நேராகப் போகும் லேன்களில் இடது ஓரத்து லேனின் நடுவுக்கு வாருங்கள். பிரியும் இடத்துக்கு வந்த பிறகு குறுக்கே போவதுதான் ஆபத்து, ஏனென்றால் இடது திரும்பும் வண்டி அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை. வண்டிகள் வேகமாக வந்து இடம் கிடைக்காவிட்டால் இறங்கி, பாதசாரி கடக்கும் இடத்தில் தள்ளிக்கொண்டு போங்கள்.

சிக்னலில் லாரியின் இடதுபக்கம் ஒருபோதும் ஊர்ந்து முன்னேறாதீர்கள். ஓட்டுநர் வலதுபக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இடது முன்மூலை அவருக்குத் தெரியாது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் விளிம்புக்கும் நடுவே நீங்கள் இருக்கும் இடம் அப்போது மறைந்துவிடும். லாரிக்குப் பின்னாலேயே, லேன் நடுவில் நில்லுங்கள்.

ஜூரோங்_வேலு:
நன்றி அண்ணா. நடுவில் போகும்போது பின்னாலிருந்து ஹாரன் அடித்தால்?

மிதிவண்டி_மணி:
சட்டென்று இடதுபக்கம் வெட்டாதீர்கள், நேர்கோட்டில் போங்கள். அடுத்த பஸ் நிறுத்த ஒதுக்கிடம் காலியாக இருந்தால் அங்கே ஒதுங்கி விடுங்கள். பஸ் கிளம்ப சிக்னல் போட்டிருந்தால் அதற்கு வழிவிட்டு நில்லுங்கள். நண்பரோடு போனால், ஒரே லேன் உள்ள சாலையிலும், பஸ் லேன் நடைமுறையில் இருக்கும் நேரத்தில் அந்த லேனிலும் ஒருவர் பின் ஒருவர்தான். 2022 ஜனவரியிலிருந்து ஒற்றை வரிசைக்கு 5 பேர், இரட்டை வரிசைக்கு 10 பேர்தான் அதிகபட்சம். இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும்.