அவுஸ்திரேலியாவில் முதல் வாக்கா? எல்லாக் கட்டத்திலும் எண் போடுங்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து போய் இப்போது பிரஜாவுரிமை எடுத்திருக்கிற தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: ஊரில் போட்ட மாதிரி ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்தால் போதாதா? போதாது. அங்கே பிரதிநிதிகள் சபைக்கான பச்சை வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டு மற்றதை வெறுமையாக விட்டால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும். கனகாலம் சிட்னியில் இருந்து வாக்குப் போட்டுவிட்டு, அம்மா அப்பாவோடு இருக்கக் கொழும்புக்குத் திரும்பி வந்தவள் நான். இரண்டு முறையும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வரிசைப்படுத்தி வாக்களிப்பது நமக்குப் புதிது இல்லை. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடலாம் என்பது 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் யாராவது 50 வீதத்தைத் தாண்டிவிட்டதால் 2024 வரைக்கும் இரண்டாவது எண்ணிக்கை தேவைப்படவே இல்லை. அந்த செப்டெம்பர் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டிவிக்கு முன்னால் இருந்தது ஞாபகம் இருக்கும். அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். மற்ற எல்லாரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு, அவர்களுக்கு விழுந்த ஏறக்குறைய 33 இலட்சம் வாக்குகளில் இந்த இருவருக்கும் அடுத்த விருப்பு போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. அவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கு கூட வரவில்லை. மிச்சப் பேரில் மிகப் பெரும்பாலானோர் ஒரே ஒரு அடையாளத்தோடு நிறுத்தியிருந்தார்கள், அதனால் கடைசித் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கே இல்லாமல் போனது. எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம், அந்தப் பழக்கத்தை நீங்கள் அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

(பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் போட்டுவிட்டுக் கீழே மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடுகிறோமே, அது வேறு விசயம். அந்த மூன்றுக்கும் ஒரே மதிப்பு, வரிசை கிடையாது.)

அங்கே என்ன வித்தியாசம் என்றால், எல்லாரையும் ஒரேயடியாக நீக்கமாட்டார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் நிற்பவரை மட்டும் நீக்கி, அவருக்கு 1 போட்ட சீட்டுகளை எடுத்து 2 யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். பிறகு அடுத்த கடைசி ஆள், பிறகு அடுத்தவர், ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இப்படியே போகும். 2025 மே மாதம் மெல்பேர்ன் தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். 2010இலிருந்து அந்தத் தொகுதியை வைத்திருந்த, அப்போதைய கிறீன்ஸ் கட்சித் தலைவர் ஆடம் பான்ட் முதல் விருப்பில் லேபர் வேட்பாளரை விட ஏறக்குறைய 8 வீதம் முன்னால் நின்றார். ஆனால் பாதிக்கு மேல் வரவில்லை. லிபரல் வேட்பாளர் நீங்கியதும் அவருக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் கிறீன்ஸை விட லேபருக்கு முன் எண் கொடுத்திருந்தது தெரியவந்தது, லேபர் வென்றது. தோற்ற கட்சிக்குப் போட்டவர்கள்தான் அங்கே முடிவைத் தீர்மானித்தார்கள்.

“இரண்டாவது ஆளுக்கு எண் போட்டால் என் முதல் ஆளின் வாக்குக் குறையாதா?” என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். குறையவே குறையாது. உங்கள் 1 போட்டியில் இருக்கிறவரை 2ஐ யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அதனால் வெல்லமாட்டார் என்று தெரிந்தாலும் மனசுக்குப் பிடித்தவருக்குத் துணிந்து 1 போடுங்கள், பிடிக்கவே பிடிக்காதவருக்குக் கடைசி எண்.

வாசலில் கட்சிக்காரர்கள் இப்படித்தான் எண் போடவேண்டும் என்று அட்டை நீட்டுவார்கள். வாங்கலாம், பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் எழுதுகிற எண் மட்டும்தான் செல்லும், கட்சிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டாலும் சரி. எண் பிழைத்துவிட்டால் பதறவேண்டாம், அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள், தருவார்கள்.

வெள்ளைச் சீட்டு செனட்டுக்கு, அதாவது மேல்சபைக்கு. அதில் ஒரு கோட்டுக்கு மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள் இருப்பார்கள். மேலே என்றால் குறைந்தது 6 கட்டம், கீழே என்றால் குறைந்தது 12. மேலே 6 போடுவது சுலபம்.

வென்ட்வேர்த்வில், டூங்காபி பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலும் செல்லும், மத்திய தேர்தலில் செல்லாது. மேற்கு சிட்னியில் பல தொகுதிகளில் நிராகரிக்கப்படும் வாக்குகள் நாட்டுச் சராசரியை விட அதிகமாக இருப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். நம்முடைய சனம் நிறைய இருக்கிற இடம், இத்தனை பேருடைய வாக்கு வீணாகப் போகக் கூடாது.

கனடாவில் மத்திய, மாகாணத் தேர்தல்களுக்கும் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கும் ஒரே புள்ளடிதான், அங்கே போனவர்களுக்கு இது தேவைப்படாது.

பீஆர் (நிரந்தர வதிவிட அனுமதி) மட்டும் இருந்தால் வாக்கு இல்லை. பிரஜாவுரிமை எடுத்து 18 வயதும் ஆகிவிட்டால் வாக்களிப்பது கட்டாயம், தகுந்த காரணமில்லாமல் போகாவிட்டால் மத்திய தேர்தலுக்கு 20 டொலர் தண்டம். சத்தியப்பிரமாணம் எடுத்த வாரமே வாக்காளர் பட்டியலில் பதிந்துவிடுங்கள், தேர்தல் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள், ஏனென்றால் தேர்தலை நடத்தச் சொல்லும் கட்டளை வெளியாகி ஏழாம் நாள் இரவு 8 மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.