புதுப்பிப்பு: ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு நிற்காத வாந்தி

போன மாதம் எழுதியிருந்தேன், எடை குறைக்க இரைப்பையில் ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து ஒரு குழாய்போல் ஆக்குவது) செய்து ஆறு வாரம் ஆகியும் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்று. உடனே போய்க் காட்டச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பையின் நடுப்பகுதி சுருங்கியிருந்தது, பலூன் வைத்து விரித்தார்கள், இப்போது மசித்த சாப்பாடு இறங்குகிறது.

சரி, அதைவிடப் பயந்தது வேறு விஷயத்துக்கு. கால் மரத்துப்போய், நடை தள்ளாடி, ஒருநாள் காலையில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தால் முள்ளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஓயாத வாந்தியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, தீர்ந்துபோயிருக்கிறது. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே அதை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள், ஏனென்றால் குளுக்கோஸ் முதலில் போனால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். இப்படி வாந்தி இருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். எனக்குப் பார்வை சரியாகிவிட்டது. பாத எரிச்சல் மட்டும் இன்னும் இருக்கிறது, மாத்திரை தொடர்கிறது.