தோட்டத்துப் பூச்சிகள்: மனதை விட்டுப் போகாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

செம்பருத்திப்பித்து:
செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். செம்பருத்திக் கொழுந்து முழுக்க அப்பியிருந்தது, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். மற்றவை அசையாமல் கிடக்க, ஒன்று மட்டும் காம்பில் குடுகுடுவென்று ஏறியது. மற்றவற்றைவிட நல்ல பெரிசு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை நீளநீளமாகத் தொங்கியது. கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மாவுப்பூச்சியின் முட்டைப் பைக்குள் தலையை நுழைத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது! மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு அது. வளர்ந்தால் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும் சின்ன வண்டு. அந்தக் கிளையை அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை வருடமாக எத்தனை பேர் இதையும் மாவுப்பூச்சி என்றே நினைத்து நசுக்கியிருப்பார்களோ, அந்த நினைப்புதான் போகவில்லை.

எலுமிச்சங்கிளை:
எனக்கு எலுமிச்சைப் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இலையில் உட்கார்ந்திருக்குமே, அது வளர்ந்து பச்சையாகிவிட்டது. என் மகள் விரலால் லேசாகத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பு வெளியே நீண்டது, கூடவே குப்பென்று ஒரு நாற்றம். அவள் கையை உதறவில்லை, மறுபடி தொட்டாள், மறுபடி கொம்பு. சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும் என்று தெரிந்தும் அதற்கப்புறம் கொல்ல மனசு வரவில்லை, பெரிய மரத்துக்கு மாற்றி விட்டோம்.

மண்வெட்டி:
செம்பருத்திப்பித்து அக்கா, கிளையை அப்படியே விட்டேன் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் பதற்றமாகிவிட்டது. எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், தக்காளியில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி, எறும்பு ஒன்று உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்ட, பின்பக்கம் தேன் மாதிரி ஒரு துளி வந்தது, அதை எறும்பு குடித்தது. அவ்வளவே. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எறும்பு இருக்கும் வரை பொறிவண்டு வேலை செய்ய முடியாது, அந்தத் தேனுக்காக எறும்பு பூச்சியைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அதனால் முதல் வேலை எறும்பு. தண்டைச் சுற்றி டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. பக்கத்துச் செடியின் இலையோ சுவரோ தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் வெட்டி விலக்குங்கள், இல்லாவிட்டால் எறும்புக்கு அதுவே பாலம். அடுத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினியில் பாதி கீழே விழுந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்பில் நன்றாகக் கலக்கி, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும், வேம்பின் வீரியமும் சீக்கிரம் போய்விடும். முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். அப்புறம் உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் கொழுந்து மென்மையாகத் தளதளவென்று வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் வேண்டும். பூச்சி வந்தபின் ஓடுவதைவிட உரத்தைக் குறைப்பது நல்லது.

இலைச்சுருள்:
மண்வெட்டி, எறும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அக்கா பொறிவண்டுப் புழு இருக்கும் கிளையைப் பற்றிச் சொல்கிறார், நீங்கள் அதற்கு வேப்பெண்ணெயும் சோப்பும் சொல்கிறீர்கள். சோப்புக் கரைசல் மேலே பட்டால் மென்மையான உடம்புள்ள எதுவும் சாகும், அதில் மாவுப்பூச்சி வேறு, பொறிவண்டுப் புழு வேறு என்று கிடையாது. இதே வண்டை 1891-இல் ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனதே மாவுப்பூச்சியை ஒழிக்கத்தான். தானாக வந்து சேர்ந்திருக்கிறது, அதன்மேல் மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள்.

மண்வெட்டி:
அந்தக் கிளையில் அடிக்கச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

கத்தரிக்கொல்லை:
இவ்வளவு பேசுகிறீர்கள், உள்ளே இருக்கும் புழுவுக்கு எதை அடிப்பீர்கள்? கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கியது, மண்ணோ ஈரமாகத்தான் இருந்தது. நுனியைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே தண்டு குடைந்து வெறுமையாக, கழிவு அடைத்துக்கொண்டு, கடைசியில் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. அதைவிட, காய்! வெளியே மினுமினுவென்று ஒரு தழும்புகூட இல்லாத காயை அறுத்தால் உள்ளே அதே புழு. குட்டியாக இருக்கும்போதே நுழைந்துவிடும், நுழைந்த இடம் மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது வெளியே போய்விட்டது என்று அர்த்தம். வாடிய நுனியை உடனே கிள்ளி அழிப்பதைத் தவிர எனக்கு எதுவும் பலன் தரவில்லை. கிள்ளியதைச் செடிக்கடியில் போடாதீர்கள்.

செம்பருத்திப்பித்து:
கத்தரிக்கொல்லை, நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன், என் கத்தரியிலும் ஒரு நுனி தொங்குகிறது. கிள்ளிவிட்டேன். மண்வெட்டி தம்பி, டேப்பும் கிரீஸும் இன்றைக்கே போடுகிறேன், வேப்பெண்ணெயை வேறு செடிக்கு வைத்துக்கொள்கிறேன்.

இலைச்சுருள்:
டேப்பை மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள் அக்கா, தண்டு பருக்கும்போது இறுக்கும். அவ்வப்போது கழற்றி மாற்றுங்கள். அப்புறம், வெள்ளை ஈக்காக யாராவது மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டிருந்தால் அதை ஒருதரம் உற்றுப் பாருங்கள். என் அட்டையில் வெள்ளை ஈக்கு நடுவே நமக்கு உதவும் குட்டிக் குளவிகளும் ஒரு பொறிவண்டும் ஒட்டியிருந்தன. ஈ குறைந்ததும் கழற்றிவிட்டேன்.