கேடயம் முதலில், நெருப்பு அப்புறம்: என் பாலடின் அனுபவம்

டயாப்லோ 2 ரெசரெக்டட் வீடியோ கேமில், ஹெல் என்ற மிகக் கடினமான நிலையின் பசு லெவலுக்குள் (பசுக்கள் கூட்டமாகத் தாக்கும் இடம்) என் பாலடின், அதாவது கேடயம் ஏந்தும் வீரன், மூன்று முறை செத்த பிறகுதான் கேடயத்தின் அருமை எனக்குப் புரிந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஹோலி ஃபயர் ஆரா, அதாவது நம்மைச் சுற்றி நெருப்பு வீசும் சக்தி, 6-ஆம் லெவலிலேயே கைக்கு வந்துவிடும். நார்மல் என்ற எளிய நிலையில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாலே போதும். கிட்ட வரும் சின்ன அரக்கர்கள் நம் வாள் படும் முன்பே வெந்து விழுவார்கள். அந்த ருசியில்தான் நெருப்பு பாலடின் என்று முடிவு செய்தேன். ஹெல்லில் அது செல்லுபடியாகவில்லை. அங்கே எதிரிகளின் நெருப்பு எதிர்ப்பு ஏறிவிடுகிறது, அதை இறக்க கன்விக்‌ஷன் ஆரா வேண்டும். ஆனால் நாமாகப் போடக்கூடியது ஒரு நேரத்தில் ஒரே ஆரா. கன்விக்‌ஷன் போட்டால் ஹோலி ஃபயர் போய்விடும்.

அதனால்தான் நெருப்பைப் பொருள்களிலிருந்து எடுக்கிறார்கள். சுர், லோ, சோல் என்ற ரூன்களை (மந்திரக் கற்கள்) வரிசையாகப் பதித்தால் வரும் 'டிராகன்' ரூன்வேர்ட் 14-ஆம் லெவல் ஹோலி ஃபயர் தரும். கவசத்திலும் செய்யலாம், கேடயத்திலும் செய்யலாம். வாளுக்கு 'ஹேண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்': சுர், சாம், ஆம்ன், லோ. அது 16-ஆம் லெவல் ஹோலி ஃபயர் தருவதோடு, எதிரியின் நெருப்பு எதிர்ப்பில் 20 சதவீதத்தையும் குறைக்கும். ஒரே ஆரா பல பொருள்களில் இருந்தால் லெவல்கள் கூடிக்கொள்ளும். கவசம் 14, கேடயம் 14, வாள் 16, மொத்தம் 44. இந்த வகை பாலடினுக்கு டிராகன்டின் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இந்த 44 என்ற எண் என்னை மயக்கிவிட்டது. மொத்தம் 33 ரூன்களில் லோ 28-ஆவது, சுர் 29-ஆவது, சாம் 32-ஆவது. மூன்று சுர், மூன்று லோ, ஒரு சாம் சேர்க்க எத்தனை ராத்திரி போனது என்று கணக்கே இல்லை. சேர்ந்ததும் நேராகப் பசு லெவலுக்குப் போனேன். அங்கே பசுக்களுக்கு எந்த இம்யூனிட்டியும் (ஒரு வகைத் தாக்குதல் அறவே பலிக்காத தன்மை) கிடையாது, கூட்டமும் பெரிது. நெருப்பு ஆராவுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

முதல் சாவு ஓட்டத்தில் நடந்தது. ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குள் ஓடினேன். அது ஓட்டம், நடை அல்ல. ஓடும்போது பிளாக், அதாவது கேடயம் அடியைத் தடுக்கும் வாய்ப்பு, மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 60 சதவீதம் இருந்தால் 20 ஆகிவிடும். டிஃபென்ஸும் (எதிரியின் அடியைத் தவறச் செய்யும் எண்) அந்த நேரத்தில் கணக்கில் வராது. ஆயுதம் ஏந்திய இருபது பசுக்களுக்கு நடுவே 20 சதவீத பிளாக்கோடு போய் நின்றேன். திரும்பி வர வழியில்லை.

இரண்டாவது சாவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளாக்கைக் கூட்டும் ஹோலி ஷீல்டு திறனுக்கு நான் ஒரே ஒரு புள்ளிதான் போட்டிருந்தேன். மீதியெல்லாம் கன்விக்‌ஷன், ரெசிஸ்ட் ஃபயர், சால்வேஷன் என்ற ஆராக்களுக்குப் போய்விட்டது. முதல் லெவலில் ஹோலி ஷீல்டு 30 நொடிதான் நிற்கும். சண்டை சூட்டில் அது இறங்கியதை நான் பார்க்கவில்லை. இறங்கினால் பிளாக் சதவீதம் மட்டும் குறையாது, பிளாக்கின் வேகமும் போய்விடும். இந்த விளையாட்டு நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடுகிறது. ஹோலி ஷீல்டு இருந்தால் ஒரு பிளாக் 2 ஃபிரேமில் முடியும். இல்லாவிட்டால் 5 ஃபிரேம். தாளில் பார்த்தால் நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நாலு பக்கமும் அடி விழும்போது ஒரு பிளாக் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. நகர்வதற்குக் கிளிக் செய்கிறேன், கேடயம் உயர்கிறது. மறுபடி கிளிக் செய்கிறேன், மறுபடி கேடயம். போஷன் (உயிர் மருந்து) குடிக்க முடிகிறது, ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. மீதி உயிரைக் காட்டும் உயிர் உருண்டை காலியாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்க வேண்டிய கேடயமே என்னைக் கட்டிப்போட்டது.

மூன்றாவது சாவுக்குக் காரணம் டெக்ஸ்டெரிட்டி, அதாவது லெவல் ஏறும்போது புள்ளி போட்டுக் கூட்டும் சுறுசுறுப்பு. கேடயத்தின் பிளாக் எண்ணை, டெக்ஸ்டெரிட்டியில் 15 கழித்து வருவதோடு பெருக்கி, நம் லெவலின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உச்சவரம்பு 75 சதவீதம். ஹோலி ஷீல்டையும் சேர்த்துக் கேடயத்தின் எண் 85, நம் லெவலும் 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். 75-ஐ எட்ட 165 டெக்ஸ்டெரிட்டி வேண்டும். 86-ஆம் லெவலுக்கு ஏறி எதுவும் போடாமல் விட்டால் அது 74 ஆகிவிடும். அதாவது லெவல் ஏற ஏற பிளாக் தானாகத் தேயும். நானோ மூன்று லெவலாக எல்லாப் புள்ளியையும் உயிரைக் கூட்டும் வைட்டாலிட்டியில் கொட்டியிருந்தேன்.

அப்புறம்தான் அந்த டிராகன் கேடயத்தைக் கழற்றினேன். மனசு வரவே இல்லை. அதன் இடத்தில் ஹெரால்ட் ஆஃப் ஸக்காரம் என்ற கேடயம் போட்டேன். பிளாக் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதல், பிளாக் வேகம் 30 சதவீதம், எல்லா எதிர்ப்பும் 50. பாலடின் திறன்களுக்கு 2, காம்பாட் திறன்களுக்கு இன்னொரு 2 என்று வருவதால் ஹோலி ஷீல்டு மட்டும் நாலு லெவல் ஏறுகிறது. அதன்மேல் இன்னும் புள்ளிகள் போட்டு அது நிமிடக்கணக்கில் நிற்கும்படி செய்தேன். ஆரா 44-லிருந்து 30-க்கு இறங்கியது. கூட்டம் சாய முன்பைவிடக் கொஞ்சம் நேரமாகிறது, உண்மைதான்.

ஆனால் நாலாவது முறை அதே பசு லெவலில் நடந்தே போனேன். கூட்டம் சூழ்ந்தது. டங், டங், டங் என்று கேடயத்தில் அடி விழும் சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் என் ஸீல் (சரமாரியாக வெட்டும் திறன்) போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு வெட்டோடும் நெருப்பு. ஆராவின் துடிப்பில் சுற்றி நின்றவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. கூட்டம் முடிந்தபோது உயிர் உருண்டை முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. நெருப்பு பாலடின் எதிரிக்கு நடுவில் நின்று எரிக்கிறவன். நிற்க முடியாவிட்டால் எத்தனை லெவல் ஆரா இருந்தும் எரிக்க நேரம் கிடைக்காது. கடைசி அரக்கன் பால் (Baal) அலை அலையாக ஏவும் கூட்டங்களில் ஐந்தாவதாக வரும் லிஸ்டரின் கூட்டத்திடமும் இதையே பார்த்தேன். அவர்களின் அடி பயங்கரம், ஆனால் அத்தனையும் கையால் அடிக்கிற அடி. கேடயம் தாங்கிவிட்டது.

* * *

அண்ணா, நான் இப்போதுதான் நடு நிலையான நைட்மேர் தொடங்கியிருக்கிறேன். சுர், லோவெல்லாம் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் புதிதாக ஆடுகிறவர்களுக்கு உதவும்.

ஐந்தாம் ஆக்டில் (கதையின் ஐந்தாம் பகுதி) மலையில் அடைபட்ட வீரர்களை மீட்டால் அவர்களின் தலைவர் குவால்கெக் டால், ரால், ஓர்ட் என்ற மூன்று ரூன்களையும் தருவார். கேடயத்தில் 'ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ்' ரூன்வேர்ட் செய்யச் சரியாக அந்த மூன்றுதான் வேண்டும். நான் கையில் வாங்கிய வரிசையிலேயே டால், ரால், ஓர்ட் என்று வைத்துவிட்டேன். சரியான வரிசை ரால், ஓர்ட், டால். பெயர் மாறவில்லை, வெறும் ரூன் பதித்த கேடயமாகவே நின்றது. ஹெல் (Hel) என்ற ரூனும் ஊருக்குத் திரும்பும் டவுன் போர்ட்டல் சுருளும் சேர்த்து, பொருள்களைக் கலக்கும் கியூபில் போட்டால் துளைகள் காலியாகும், ஆனால் உள்ளே இருந்த ரூன்கள் போய்விடும். என்னிடம் ஹெல் ரூனும் இல்லை. வேறு மூன்று துளைக் கேடயம் தேடி, ரூன் போடும் கவுன்டெஸ் என்ற அரக்கியிடம் திரும்பத் திரும்பப் போய் ரூன் சேர்த்தேன். செய்து முடித்ததும் எதிர்ப்பெல்லாம் ஏறியதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு கேள்வி. எனக்கு இப்போது புள்ளிகள் கம்மி. ஹோலி ஃபயரை நிரப்பிவிட்டு ஹோலி ஷீல்டுக்குப் போகலாமா, இல்லை இப்போதே போட வேண்டுமா?

* * *

என் கதை வேறு. பிளாக்கை நம்பியே நான் ஒரு ஹார்ட்கோர் பாலடினை (ஒரு முறை செத்தால் மீள முடியாத ஆள்) இழந்தேன். அதையும் பதிந்துவிடுகிறேன். வோர்ல்ட்ஸ்டோன் கீப் கோட்டையின் இரண்டாம் தளம், 75 சதவீத பிளாக், நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறேன். திரைக்கு வெளியே இருந்து மின்னல் வந்தது. பேய்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்குள் இரண்டாவது மின்னல். அவ்வளவுதான். மின்னலையும் மந்திரத்தையும் கேடயம் தடுக்காது. டிராவின்கால் என்ற இடத்தில் கவுன்சில் அரக்கர்கள் விடும், நெருப்பு கக்கும் ஹைட்ராவுக்கும் இதே கதைதான். என் மின்னல் எதிர்ப்பு அன்று 40-தான் இருந்தது. 88-ஆம் லெவல் ஆள் அவன். ஒரு வாரம் விளையாட்டையே திறக்கவில்லை.

இப்போதைய ஆளில் எல்லா எதிர்ப்பையும் 75-க்குக் கொண்டுவந்த பிறகுதான் டெக்ஸ்டெரிட்டிக் கணக்கையே தொட்டேன். நெருப்புக்கு அசையாதவர்கள் வந்தால் ஸ்மைட்டுக்கு மாறிவிடுகிறேன். ஸ்மைட் குறி தவறாது, கேடயத்தாலேயே அடிக்கிறது. அதில் நம் நெருப்பு சேராது, ஆனால் கிரஷிங் ப்ளோ (எதிரியின் மீதி உயிரில் ஒரு பங்கைப் பறிக்கும் அடி) வேலை செய்யும்.

* * *

என் பதிவில் மின்னல் விஷயத்தை நான் எழுதாமல் விட்டது தவறு. 88-ஆம் லெவல் ஆளை இழந்தது பெரிய வலி நண்பா. எதிர்ப்பு இல்லாத பிளாக் பாதிக் கேடயம்தான்.

இதையொட்டி எனக்குப் பிடித்த ஒன்று. ரெசிஸ்ட் ஃபயரில் நாம் போடும் புள்ளிகள் ஹோலி ஃபயரின் சேதத்தைக் கூட்டுவதோடு, நம் நெருப்பு எதிர்ப்பின் உச்சவரம்பையும் இரண்டு புள்ளிக்கு 1 சதவீதம் உயர்த்துகின்றன. 20 புள்ளி போட்டால் 75 என்பது 85 ஆகிறது. அந்த ஆராவை இயக்கவே வேண்டியதில்லை. ஃபிளேம் ரிஃப்ட் சார்ம் (பையில் இருந்தாலே பலன் தரும் பொருள்) வைத்துக்கொண்டு இம்யூனிட்டியை உடைக்கிறவர்கள் மட்டும் கவனியுங்கள், அது நம் சொந்த நெருப்பு எதிர்ப்பை பலமாகக் குறைக்கும்.

தம்பி, ஹோலி ஷீல்டுக்கு இப்போதே ஒரு புள்ளி போட்டுவிடு. 24-ஆம் லெவலைத் தாண்டியிருப்பாய், ஒரு நாள்கூடத் தள்ளாதே. மீதியை ஹோலி ஃபயரில் போடு, நைட்மேர் முழுக்க அது தாங்கும். முதல் ஊரில் இருக்கும் அகாராவிடம் ஒவ்வொரு டிஃபிகல்ட்டியிலும் ஒரு முறை புள்ளிகளை மாற்றிக்கொள்ளலாம், அதனால் பயமில்லை. ஹோலி ஷீல்டின் கீயை மட்டும் விரலுக்கு எட்டுகிற இடத்தில் வை. கூட்டத்துக்குள் கால் வைக்கும் முன் ஒரு தடவை அதை அழுத்து, அப்புறம் நடந்து போ.