வேலூர் – கோவை விமானத்தில் 22 நிமிடம் என்று காட்டுகிறது, டிக்கெட் கிடைக்கவில்லை. உதவி தேவை

சத்துவாச்சாரி:
தூரம் கணக்கிடும் ஒரு தளத்தில் வேலூர், கோயம்புத்தூர் என்று போட்டால் 303 கி.மீ., 22 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட் தேடினால் வேலூர் என்ற பெயரே வரவில்லை. சென்னையிலிருந்து தேடினால் 1 மணி 10 நிமிடத்துக்கு மேல் காட்டுகிறது. எதை நம்புவது? சாயங்காலம் 4 மணிக்குள் பீளமேட்டில் இருக்க வேண்டும்.

ஓடுபாதை:
சார், அந்தத் தளம் வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நேர்கோடு போட்டிருக்கிறது. 303 கிலோமீட்டரை மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 22 நிமிடம். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. அங்கிருந்து பயணிகள் விமானம் எதுவும் இல்லை. ஓடுபாதையே ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. சுமார் 70 பேர் உட்காரும் ஏடிஆர் 72 விமானம் முழு எடையோடு ஏற, கடல்மட்டத்தில் மிதமான வெயிலிலேயே சுமார் 1,300 மீட்டர் வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் இன்னும் கூடும். 19 பேர் உட்காரும் சிறிய விமானம்தான் அங்கே சரிப்படும்.

சென்னை–கோவை நேர்கோட்டில் 405 கி.மீ. அதை 830-ஆல் வகுத்தால் 29 நிமிடம். மீதி 40 நிமிடம் எங்கே போகிறது? டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து கோவையில் போய் நிற்கும்வரை. 10,000 அடிக்குக் கீழே வேகம் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்குள்தான் இருக்கும். 30,000 அடியிலிருந்து இறங்க மட்டும் சுமார் 165 கி.மீ. வேண்டும். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஆவதால், முழு வேகத்தில் பறக்கும் தூரம் கொஞ்சம்தான். சென்னையில் கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதையில் கிளம்பினால் முதலில் கடல் பக்கம் போய், பிறகுதான் மேற்கே திரும்பும். குறுகிய தூரத்துக்கு, வகுத்து வரும் விடையோடு 35–40 நிமிடம் கூட்டுங்கள். அட்டவணைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இன்னொன்று, அலகைப் பாருங்கள். 405 கி.மீ. என்பது 252 மைல், 219 கடல் மைல். சில தளங்கள் அலகைச் சின்ன எழுத்தில்தான் போடும்.

சத்துவாச்சாரி:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. அப்படியானால் சென்னை போய் ஏறுவது லாபமா?

காட்பாடி ஜங்ஷன்:
கோவைக்கு மட்டும் என்றால் வேண்டாம் சார். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் சேர்த்து மீனம்பாக்கத்துக்கு 3 மணி நேரம் வையுங்கள். பையைப் போடும் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், விமானத்தில் ஏறும் கேட்டை 25 நிமிடம் முன்பு. அதனால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும். பறக்கும் நேரமும் பை வர அரை மணியும் சேர்த்தால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும்.

கோவை எக்ஸ்பிரஸ் காலை 8 மணியை ஒட்டிக் காட்பாடிக்கு வந்து, 2 மணியை ஒட்டிக் கோவையில் விடும். கோவை ஜங்ஷனிலிருந்து பீளமேட்டுக்கு அரை மணி. உங்கள் 4 மணிக்குத் தாராளம். அன்றைய நேரத்தை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஓடுபாதை:
இதை அப்படியே வழிமொழிகிறேன். ஹைதராபாத் மாதிரி தூரத்து ஊர் என்றால் கணக்கே வேறு. அப்போது சென்னையோடு ரேணிகுண்டாவையும் (திருப்பதி விமான நிலையம்) சேர்த்துத் தேடுங்கள், வேலூரிலிருந்து அதுவும் பக்கம்தான்.