பெரியவீடு குடும்பக் குழு: நுக்கு ஹிவாவிலிருந்து துவாமோத்து

சனிக்கிழமை

[காலை 7:05] வேணி: எல்லாருக்கும் வணக்கம். நம்ம பாய்மரப் படகு இப்ப பிரெஞ்சு பாலினேசியாவோட மார்க்கேசஸ் தீவுகள்ல ஒண்ணான நுக்கு ஹிவால, தாயோஹாயே விரிகுடாவுல நங்கூரம் போட்டு நிக்குது. நுழைவுப் பதிவெல்லாம் முடிஞ்சுது. அடுத்தது துவாமோத்து பவளத்தீவுக் கூட்டம். அதுல முதல்ல ஃபகராவா தீவுக்குப் போகலாம்னு இருக்கோம், திங்கள் காலை 8 மணிக்குக் கிளம்புற யோசனை. ராசு அண்ணா, மீனா அண்ணி, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நல்லாத் தெரிஞ்சவங்க. திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

[காலை 7:09] சிவகாமி அம்மா: இப்ப அங்க மணி என்ன வேணி

[காலை 7:10] வேணி: வெள்ளி சாயங்காலம் 4:10 ம்மா. நமக்கும் இங்கேயும் சரியா 15 மணி நேரம் வித்தியாசம்.

[காலை 7:31] ராசு அண்ணன்: வேணி, அந்த மணிக்கணக்குலயே முதல் விஷயம் இருக்கு. மார்க்கேசஸ் தீவுகள் மட்டும்தான் உலக நேரத்துக்கு (யுடிசி) 9:30 மணி பின்னால. துவாமோத்துவும் தஹித்தியும் 10:00 மணி பின்னால. அங்க போனதும் கடிகாரத்தை அரை மணி பின்னால வைக்கணும். படகு மணி மார்க்கேசஸ்லயே நின்னுட்டா, நீரோட்ட அட்டவணையில பார்க்கிற நேரம் அரை மணி தப்பாகும். பாஸ்ல, அதாவது பவளத்தீவு வளையத்துல படகு உள்ள போற வாசல்ல, நீரோட்டம் அடங்குற நேரமே சில சமயம் அரை மணிதான்.

[காலை 7:33] ராசு அண்ணன்: ரெண்டாவது, காலை 8 மணிக்குக் கிளம்பாதீங்க. முதல் தீவா ஃபகராவாவுக்குப் பதிலா கவுயேஹி வைங்க. ஃபகராவாவோட வடக்குப் பாஸ் கருவாயே பிரெஞ்சு பாலினேசியாவுலயே அகலமானதுதான், ஆனா அகலம்ங்கிறதால சுலபம்னு ஆகாது. தீவு வளையத்துக்குள்ள இருக்கிற லகூன், அதாவது உள்கடல், பெரிசு, 60 கிலோமீட்டர் நீளம். அத்தனை தண்ணியும் வெளிய வர்றப்போ வாசல்ல அலை நட்டுக்குத்தா எழும்பும். கவுயேஹி பாஸ் தென்மேற்கு பார்த்தது. காற்று தென்கிழக்குல இருந்து வர்றதால வாசல் மறைவுல இருக்கும். முதல் தடவைக்கு அதுதான் நல்லது.

[காலை 7:40] கதிர்: மச்சான், 520 மைல் கணக்கு வருது. 6 நாட்டு, அதாவது மணிக்கு 6 கடல்மைல் வேகம்னா 87 மணி நேரம். காலை 8க்குக் கிளம்பினா என்ன தப்பு?

[காலை 7:52] ராசு அண்ணன்: கூட்டிப் பாருங்க மாப்ள. திங்கள் காலை 8ல இருந்து 87 மணி நேரம்னா வியாழன் ராத்திரி 11. கும்மிருட்டுல பவளத்தீவு வாசல்ல நிப்பீங்க. மார்க்கேசஸ் மாதிரி மலை கிடையாது அங்க. மண்மேடு ரெண்டு மூணு மீட்டர்தான், தென்னை உச்சி சேர்த்தாலும் எட்டு மைலுக்குள்ள வந்தாத்தான் கண்ணுக்குப் படும். பூகன்வில் 1768ல அந்தப் பக்கம் போனப்போ 'ஆபத்தான தீவுக்கூட்டம்'னு பேர் வெச்சதுக்குக் காரணமே இதுதான்.

திங்கள் மதியம் 3 மணிக்குக் கிளம்புங்க. 6 நாட்டுல போனா வெள்ளி காலை 6 மணி. விடிஞ்ச பிறகு தீவைச் சுத்தி வந்து நேரம் பார்த்து உள்ள போகலாம். 5.5 தான் கிடைச்சாலும் வெள்ளி மதியம் ஒன்றரை, அப்பவும் வெயில் இருக்கும். 6.5 போனா வியாழன் ராத்திரி 11 ஆயிடும். அப்படித் தெரிஞ்சா வியாழன் மதியமே பாயைச் சுருக்கி வேகத்தைக் குறைங்க. வாசலுக்குப் பக்கத்துல வந்து காத்திருக்கலாம்னு நினைக்காதீங்க. தீவுகளுக்கு நடுவுல நீரோட்டம் ஒண்ணு ரெண்டு நாட்டு எந்தப் பக்கம் வேணும்னாலும் இழுக்கும். ராத்திரியில எந்தத் தீவுலயும் காற்று வந்து மோதுற பக்கத்துல இருந்து 10 மைல் விலகியே இருங்க.

[காலை 7:54] வேணி: சரிண்ணா. திங்கள் 3 மணி.

[காலை 8:20] மீனா அண்ணி: வேணி, பாஸ் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா அட்டவணையை நம்பி ஏமாற மாட்ட. நம்ம ஊர்ல முகத்துவாரத்துல ஏற்றவற்றம் பார்த்து நேரம் சொல்லிடலாம். துவாமோத்துல அது பாதி கணக்குதான். தெற்குக் கடல்ல இருந்து வர்ற பெரிய அலை தீவோட தெற்குப் பாறை மேல ஏறி லகூனுக்குள்ள தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருக்கும். உள்ள ஏறின தண்ணிக்கு வெளிய போக வழி அந்த ஒண்ணு ரெண்டு பாஸ்தான். அதனால தெற்கு அலை மூணு மீட்டர் அடிச்ச நாட்கள்ல வெளிநோக்கி ஓட்டம் நிக்கவே நிக்காது. அட்டவணை 'அடங்கும் நேரம்'னு சொல்ற நேரத்துலயும் வெளிய ஓடிக்கிட்டு இருக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை முடிவுக்கு வெள்ளிக்கிழமை காற்று மட்டும் போதாது. புதன், வியாழன்ல தெற்கு அலை எத்தனை மீட்டர்னு பார்த்து வை.

[காலை 8:23] மீனா அண்ணி: 'கெஸ்டிமேட்டர்'னு ஒரு விரிதாள் படகுக்காரங்க மத்தியில சுத்துது. காற்றையும் அலையையும் போட்டா நீரோட்டத்தை மதிப்பிட்டுச் சொல்லும். எடுத்து வெச்சுக்கோ, உத்தேசத்துக்கு உதவும். கடைசி வார்த்தை கண்ணோடது.

[காலை 8:26] கதிர்: கண்ணுல என்ன பார்க்கணும் அக்கா?

[காலை 8:41] மீனா அண்ணி: வாசலுக்கு அரை மைல் வெளிய நின்னு கால் மணி நேரம் பைனாகுலர்ல பாருங்க. வாசல் நடுவுல வெள்ளையா நுரைச்சு, அலை முன்னேறாம ஒரே இடத்துல நின்னு குதிச்சா வெளிநோக்கி ஓட்டம், அதுக்கு எதிரா காற்றோ அலையோ இருக்கு. போகக் கூடாது. தண்ணி எண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு சுழிச்சு சுழிச்சு இருந்தா ஓட்டம் இருக்கு, அலை இல்லை. அப்ப உங்க இன்ஜின் பலத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஓட்டம் 4 நாட்டு எதிர்த்தா 6 நாட்டு படகு தரைக்கு 2 நாட்டுதான் நகரும். மெதுவா இருந்தாலும் சுக்கான் கைக்குள்ள இருக்கும். அதே 4 நாட்டு பின்னால இருந்து தள்ளினா தரைக்கு 10 நாட்டு. திருப்பவும் நேரம் இருக்காது, நிறுத்தவும் முடியாது. அதனால முழு வேகத்துல உள்நோக்கி ஓடுறப்போ நுழையாதீங்க. லேசா வெளிய வர்ற ஓட்டத்தை எதிர்த்து ஏறுறது அதைவிட மேல்.

[காலை 8:58] சுந்தரம் சித்தப்பா: வேணிம்மா, மாப்பிள்ளை, இன்ஜின் பத்தி நான் சொல்றேன். நாலு நாள் படகு உருண்டு உருண்டு போகும். டீசல் தொட்டி அடியில படிஞ்ச அழுக்கெல்லாம் கலங்கி மேல வரும். அதுவரைக்கும் பாய்ல போயிருப்பீங்க, இன்ஜினுக்கு வேலையே இருந்திருக்காது. பாஸ்ல முழு வேகம் கொடுத்ததும் அந்த அழுக்கு ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் திணறி நிக்கும். அதனாலதான் இது சரியா வாசல்ல வெச்சு நடக்குது.

வியாழன் சாயங்காலமே முதல் ஃபில்டரை மாத்திடுங்க, கிண்ணத்துல தண்ணி நின்னா வடிச்சிடுங்க. காற்று இல்லாம பம்ப் பண்ணி ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க. வெள்ளி காலை வாசலுக்கு வெளிய அரை மணி நேரம் பாஸ்ல ஓட்டப்போற அதே வேகத்துல ஓட்டுங்க. சும்மா ஐடில்ல விட்டா ஒண்ணும் தெரியாது. வாக்குவம் கேஜ் இருந்தா முள் ஏறுதான்னு கவனிங்க. கடல்தண்ணி பம்ப் இம்பெல்லர் இறக்கை ஒண்ணு கிழிஞ்சாலும் புதுசு போடுங்க. கிழிஞ்ச துண்டைத் தேடி எடுத்துடணும், ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல போய் அடைச்சுக்கும்.

[காலை 9:01] கதிர்: சரிங்க மாமா. ஃபில்டர் நாலு ஸ்பேர் இருக்கு.

[காலை 9:03] சுந்தரம் சித்தப்பா: நல்லது. பாஸ்ல நுழையுறப்போ மெயின் பாய் ஏத்தியே இருக்கட்டும். நங்கூரத்தோட பின்னை எடுத்துட்டு உடனே இறக்குற மாதிரி வைங்க. இன்ஜின் நின்னாலும் கையில ரெண்டு வழி இருக்கும்.

[காலை 9:04] சுந்தரம் சித்தப்பா: வாட்டர்மேக்கரை (கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற மெஷின்) தாயோஹாயேல ஓட்டாதீங்க. மழை பெய்தா மலைமண் முழுக்க விரிகுடாவுல இறங்கும், ஃபில்டர் ஒரே நாள்ல போயிடும். நடுக்கடல்ல ஓட்டி நிரப்புங்க. பின்னால தஹித்தி மரினாவுல குழாய்த் தண்ணி விட்டு மெம்பிரேனை அலசுறதா இருந்தா கார்பன் ஃபில்டர் வழியாத்தான் விடணும். குளோரின் பட்டா மெம்பிரேன் கெட்டுப்போகும், அதைச் சரிபண்ண வழியில்லை.

[காலை 9:30] சிவகாமி அம்மா: உள்ள போயிட்டா பயம் இல்லையா

[காலை 9:47] ராசு அண்ணன்: உள்ளயும் கவனம் வேணும் பெரியம்மா. லகூன் குளம் மாதிரி தெரியும். ஆனா 30 மீட்டர் ஆழத்துல இருந்து தனித்தனியா பவளப்பாறை தூண் மாதிரி எழும்பி தண்ணிமட்டத்துக்கு அரை மீட்டர் கீழ நிக்கும். எல்லாமும் வரைபடத்துல இருக்காது.

வேணி, லகூனுக்குள்ள போக்குவரத்து காலை 10ல இருந்து மதியம் 2, 3 மணிக்குள்ள மட்டும். சூரியன் மேலயும் முதுகுக்குப் பின்னாலயும் இருக்கணும். கிழக்கு மூலைக்குப் போறதா இருந்தா மதியத்துக்கு அப்புறம், மேற்கே போறதா இருந்தா காலையில. ஒருத்தர் போலரைஸ்டு கண்ணாடி போட்டு முன்னணியத்துல நிக்கணும், மாஸ்ட்ல ஏற முடிஞ்சா இன்னும் நல்லாத் தெரியும். கருநீலம் ஆழம். பச்சையும் வெளிர்நீலமும் மணல். பழுப்போ மஞ்சளோ தெரிஞ்சா பாறை பக்கத்துல வந்தாச்சு. மேகம் ஒண்ணு சூரியனை மறைச்சா எல்லாம் ஒரே சாம்பலாயிடும், அப்ப படகை நிறுத்திட்டு மேகம் விலகுற வரைக்கும் நில்லுங்க. செயற்கைக்கோள் படத்தை ஓபன்சிபிஎன் கடல்வரைபட மென்பொருள்ல இப்பவே இறக்கி வைங்க. அங்க நெட் கிடைக்கும்னு நம்பி இருக்க வேண்டாம்.

[காலை 10:02] வேணி: நங்கூரச் சங்கிலியில மிதவை கட்டணும்னு இங்க பக்கத்துப் படகுக்காரங்க சொல்றாங்க. எத்தனை, எங்க கட்டணும்?

[காலை 10:26] மீனா அண்ணி: கட்டாயம் கட்டு. மணல்ல நங்கூரம் விழுந்தாலும் சுத்தி பாறைத்தலைகள் இருக்கும். காற்று திரும்பத் திரும்ப சங்கிலி அதைச் சுத்திக்கும். 40 மீட்டர் விட்டிருந்தாலும் கடைசில 12 மீட்டர் சங்கிலிதான் ஆடும். அலை வந்தா வெட்டி வெட்டி இழுக்கும், நங்கூரம் தூக்குற விண்ட்லாஸ் உடையும், முன்னணியத்து ரோலர் வளையும். பவளமும் நொறுங்கும். நூறு வருஷத்துல வளர்ந்தது ஒரு ராத்திரில தூளாகும்.

10 மீட்டர் ஆழம்னு வை. முதல் 15 மீட்டர் சங்கிலி வெறுமையா போகட்டும், அந்தப் பகுதி மணல்ல படிஞ்சு நங்கூரத்தைப் படுக்க வைக்கணும். அப்புறம் முதல் மிதவை. பிறகு 7, 8 மீட்டருக்கு ஒண்ணு. 40 மீட்டருக்கு மூணு போதும். ஒவ்வொண்ணுக்கும் அரை மீட்டர் கயிறும் ஒரு கொக்கியும். சங்கிலி இறங்கும்போதே மாட்டு, ஏறும்போது ரோலருக்கு வர்றதுக்கு முன்னாடி கழட்டு. சுக்கான்ல கதிர், முன்னால நீ. சத்தம் கேட்காது, கை சைகையை முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

[காலை 10:39] சுந்தரம் சித்தப்பா: மீனா சொன்ன 7, 8 மீட்டருக்குக் கணக்கு இருக்கு. 10 மில்லி சங்கிலி தண்ணிக்குள்ள மீட்டருக்கு சுமார் 2 கிலோ. முத்துப்பண்ணை மிதவை 30 சென்டிமீட்டர் குறுக்களவுன்னா 14 லிட்டர், தன் எடை போக 12 கிலோ தூக்கும். அதாவது 6 மீட்டர் சங்கிலி. 5 மீட்டருக்கு ஒண்ணு கட்டினா மிதவை மேல வந்துடும், அடுத்த படகோட ப்ரொபல்லர்ல மாட்டும். 7, 8ன்னா தண்ணிக்கு நடுவுல தொங்கும், பாறைக்கும் மேல இருக்கும். உங்க சங்கிலி 8 மில்லின்னா இடைவெளி கூடும்.

[காலை 10:41] கதிர்: 10 மில்லிதான் மாமா. மிதவை எங்க வாங்குறது?

[காலை 10:44] ராசு அண்ணன்: வாங்க வேண்டாம் மாப்ள. கறுப்பு முத்துப் பண்ணைகள்ல இருந்து அறுந்து வந்த மிதவைகள் தீவுகளோட காற்றுப் பக்கக் கரையில ஒதுங்கிக் கிடக்கும். கரையும் கொஞ்சம் சுத்தமாகும். ஓட்டை இருக்கான்னு தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க. பண்ணையில கட்டியிருக்கிறதைத் தொடாதீங்க, அது அவங்க பிழைப்பு. முதல் தீவுக்கு, படகு ஓரத்துல தொங்கவிடுற ஃபெண்டர் ரெண்டு மூணையே மிதவையா கட்டினா போதும்.

காற்று 25 நாட்டுக்கு மேல போனா மிதவையால சங்கிலித் தொய்வு குறைஞ்சு விறைப்பாகும். சங்கிலியோட வெட்டு இழுப்பைத் தாங்க 10 மீட்டர் நைலான் கயிறு (ஸ்னப்பர்) போட்டே ஆகணும்.

[காலை 11:15] சிவகாமி அம்மா: கலா, அங்க மீன் பிடிச்சுச் சாப்பிடலாமா. நேத்து வேணி கேட்டா

[காலை 11:50] கலா அத்தை: நடுக்கடல்ல தூண்டில்ல விழுற சூரை, மாஹி மாஹி தாராளமா சாப்பிடலாம் அண்ணி. பவளப்பாறை மீன்ல மட்டும் சிகுவாடெரா நஞ்சு இருக்கலாம். காம்பியர்டிஸ்கஸ்னு ஒரு நுண்பாசியில இருந்து வர்றது. அந்தப் பேரே பாலினேசியாவோட காம்பியர் தீவுகள்ல இருந்து வந்தது. பாசியைச் சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும், மேல போகப் போக நஞ்சு கூடும். அதனால ஷீலா, பெரிய களவா, அஞ்சாலை எல்லாம் வேண்டாம். சமைச்சாலும் உறைய வெச்சாலும் நஞ்சு போகாது. வாசனையும் ருசியும் மாறாது.

வேணி, ஊர்க்காரங்ககிட்ட மீனைக் காட்டிக் கேளு. ஒரே தீவுல ஒரு பாஸ் பக்கத்து மீன் நல்லா இருக்கும், இன்னொரு பக்கத்து மீன் ஆகாது. அவங்களுக்குத்தான் தெரியும். வாந்தி பேதியோட உதடு மரத்து, குளிர்ந்த தண்ணி பட்டா சுடுற மாதிரி இருந்தா சிகுவாடெராதான். மாற்று மருந்து கிடையாது. உப்புச்சர்க்கரைத் தண்ணி, ஓய்வு, நாடித்துடிப்பைப் பார்க்கணும். துடிப்பு ரொம்பக் குறைஞ்சாலோ மூச்சு சிரமப்பட்டாலோ உடனே தஹித்தி மீட்பு மையத்தைக் கூப்பிடணும். பவளம் கீறினா சின்னக் கீறல்னு விடாம, நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுத் துகளை எடு. எரியும், பரவாயில்ல.

[மதியம் 12:20] பிரபு: அக்கா, நான் தஹித்தித் தலைநகர் பப்பேயெத்தே வந்து சேர்ந்துக்கலாமா? ஷெங்கன் விசா கையில இருக்கு.

[மதியம் 12:34] ராசு அண்ணன்: அது மட்டும் போதும்னு நினைக்காத பிரபு. பிரெஞ்சு பாலினேசியா ஷெங்கன்ல சேராது. பொதுவா அங்க செல்லும்னு குறிப்பிட்ட தனி விசா பிரெஞ்சுத் தூதரகம் வழியா எடுக்கணும். லாஸ் ஏஞ்சலஸ் வழியா பறந்தா அமெரிக்க டிரான்ஸிட் விசாவும் வேணும். டிக்கெட்டுக்கு முன்னாடி விசா.

[மதியம் 12:40] ராசு அண்ணன்: அப்படியே பப்பேயெத்தே விஷயமும் சொல்லிடறேன் மாப்ள. துறைமுகத்துல இருந்து தைனா மரினாவுக்கு லகூன் வழியா போறப்போ விமான ஓடுபாதையோட முனையைக் கடக்கணும். பாய்மரம் விமானப் பாதையில வரும். விஎச்எஃப் ரேடியோ சேனல் 12ல கூப்பிட்டு அனுமதி வாங்கிட்டுத்தான் கடக்கணும், ரெண்டு முனையிலயும் தனித்தனியா. லகூன் வழித்தடத்துல சிவப்பு கரைப் பக்கம், பச்சை பவளப்பாறைப் பக்கம்.

[மதியம் 12:55] வேணி: எல்லாம் எழுதிக்கிட்டேன். மராமு பத்தி மட்டும் சொல்லுங்க அண்ணி. இங்க எல்லாரும் அதையே பேசுறாங்க.

[மதியம் 1:12] மீனா அண்ணி: குளிர் மாசங்கள்ல, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், தெற்கே பெரிய உயரழுத்தம் உட்கார்ந்தா தென்கிழக்குக் காற்று 25, 30 நாட்டுன்னு நாள்கணக்கா அடிக்கும். அதுதான் மராமு. கடல்ல அது பெரிய பிரச்சினை இல்ல, பாயைக் குறைச்சா போயிடலாம். லகூனுக்குள்ள நீங்க வடமேற்கு மூலையில நின்னா காற்று முழு லகூனையும் தாண்டி வரும், உள்ளயே ஒன்றரை மீட்டர் அலை எழும்பும். பின்னால பாறை. ராத்திரி நகரவும் முடியாது. அதனால மராமு வர்றதுக்கு முந்தின நாள், வெயில் இருக்கறப்பவே தென்கிழக்கு மூலைக்குப் போயிடணும். ஃபகராவான்னா ஹிரிஃபா. கவுயேஹிலயும் தென்கிழக்கு மூலைதான்.

[மதியம் 1:15] மீனா அண்ணி: திங்கள் காலை முன்னறிவிப்பைப் பாரு. வெள்ளிக்கிழமைக்கு மராமுன்னோ தெற்கு அலை மூணு மீட்டர்னோ காட்டினா கிளம்பாத. தாயோஹாயேல இன்னும் நாலு நாள் இருந்தா ஒண்ணும் குறையாது.

[மதியம் 1:18] கதிர்: சரிக்கா. திங்கள் காலை முன்னறிவிப்பை இங்கேயே போடறோம். நீங்க பார்த்துச் சொன்ன பிறகுதான் நங்கூரம் தூக்குவோம்.

[மதியம் 1:19] சுந்தரம் சித்தப்பா: ஃபில்டர் மாத்தினதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க மாப்பிள்ளை. பழைய ஃபில்டரையும் சேர்த்து. அதுல என்ன படிஞ்சிருக்குன்னு பார்த்தா தொட்டி நிலைமையைச் சொல்லிடுவேன்.