குளிர்ப்புல்லில் குரோமோசோம் கூடுவது குளிரைத் தாங்கவா?

தேவிகுளம் செல்வன்: குளிர் கூடக் கூடப் புல்லில் குரோமோசோமும் கூடுகிறது என்பதே என் கட்சி. போவா பிராடென்சிஸ் என்ற புல்லில் செடிக்குச் செடி 28 முதல் 140 வரை இருக்கிறது. வடதுருவப் பக்கம் போகப் போகப் பன்மடியத் தாவரங்களின், அதாவது இரண்டுக்கு மேற்பட்ட குரோமோசோம் தொகுதி உள்ளவற்றின், பங்கும் ஏறுகிறது. ஜனவரி உறைபனியில் மூணாறு தேயிலைக் கொழுந்து கருகும்போது, வழியோரத்துப் போவா அன்னுவாப் புல் பச்சையாகவே நிற்கிறது. அது நான்மடியம், நான்கு தொகுதியாக 28 குரோமோசோம்.

வட்டவடை டீச்சர்: தம்பி, அன்னுவாவின் தாய் தகப்பனைப் பாருங்கள். மத்தியதரைக் கடலோரத்துப் போவா இன்ஃபிர்மாவுக்கும் 14, ஆல்ப்ஸ் உயரத்தில் வளரும் போவா சுபைனாவுக்கும் 14. குளிரில் வாழ்கிற சுபைனாவே வெறும் இருமடியம்தான், இரண்டே தொகுதி! அண்டார்டிகாவின் ஒரே சொந்தப் புல்லான டெஷாம்ப்சியாவுக்கும் 26தான், அதுவும் இருமடியம்.

செல்வன்: அதிலும் 36 முதல் 38 வரை உள்ள செடி கிடைத்திருக்கிறதே டீச்சர்?

டீச்சர்: கிடைத்தது அபூர்வம். அந்தக் கரையை மூடியிருப்பது 26தான். பிராடென்சிஸ் கதையே வேறு. ஒற்றைப்படையில் குரோமோசோம் இருந்தால் இனச்செல் உருவாகும்போது சரியாக ஜோடி சேராது, விதை பொய்த்துப் போகும். இந்தப் புல்லோ பெரும்பாலும் கருவுறாமலே, தாயை அப்படியே நகலெடுத்து விதை வைக்கிறது. அதனால் எந்த எண்ணிக்கையும் பிழைத்துக்கொள்கிறது. வடக்கே பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது, பிரிந்து கிடந்த இனங்கள் வெற்று நிலத்தில் சந்தித்துக் கலந்தன. மலட்டுக் கலப்பினத்தில் குரோமோசோம் இரட்டித்தால் மறுபடி விதை பிடிக்கும். அங்கே பன்மடியம் பெருக இது முக்கியக் காரணம். குளிருக்கு இதில் நேரடிப் பங்கு எங்கே?

மறையூர் லேப்காரர்: எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் எண்ணுகிற விதத்தையும் கேளுங்கள். வேர்நுனியை ஒரு நாள் ஐஸ் தண்ணீரில் போட்டால் செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் கதிர்க்கோல் இழை கலைந்து, செல் பிரிவது பாதியில் நிற்கும். அப்புறம் அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்குவோம். நூறுக்கு மேல் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரே செல்லைப் பார்த்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள்.

செல்வன்: சரி, விதை வழி ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் மரபணு நகல் குளிருக்கு உதவவே உதவாது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

டீச்சர்: அப்படி நான் சொல்லவில்லை. ஒரே இருமடியச் செடியில் ஒரு பாதியில் கொல்சிசின் என்ற மருந்தால் குரோமோசோமை இரட்டிப்பாக்குங்கள், மறுபாதியை அப்படியே விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உறைபனியில் வையுங்கள். மரபணு ஒன்று, மடங்கு மட்டும் வேறு. அதில் இரட்டித்தது மட்டும் பிழைத்தால் உங்கள் கட்சிக்கு வருகிறேன்.